நாள்வாடகை

படப்பிடிப்பு நடந்த பதினோரு நாளும்
கலந்தரின் சக்கர நாற்காலிக்கு
நாள்வாடகை முந்நூறு ரூபாய்.
புது நாற்காலி அவர்களிடமே இருந்தது.
துரு வேண்டுமாம்.

நாற்காலி நடிக்கப் போய்விட்டதால்
வாலிநோக்கத்து மணலில், என் வலைக்குவியல் மேல்
சாய்ந்து கிடந்தான்.
"கட்" என்றதும் அந்த நடிகன் எழுந்து
முதுகை நெளித்து டீ வாங்கிக் குடித்ததை
இவன் பார்த்தான். இவன் பார்த்ததைப் பார்க்காத மாதிரி
நான் வலைக்கண் பொத்திக்கொண்டிருந்தேன்.
"நல்லாத்தான் உக்காருறான்" என்றான் கலந்தர்,
"காலை மட்டும் மறக்கத் தெரியலை."

கதைப்படி பைக் விபத்து.
ஒரு காதல், ஒரு நண்பன்.
நண்பன் அவனைத் தோளில் சுமந்து
அலைக்குள் ஓட வேண்டும்.
ரெண்டு தடவை விழுந்தார்கள்.
மூணாவது டேக்குக்கு முன்னால்
எப்படித் தூக்குவீங்க என்று என்னைக் கேட்டார் இயக்குநர்.
காட்டினேன்: முதலில் மூத்திரப் பையை இடுப்பில் செருகணும்,
அப்புறம்தான் அக்குளில் கை.
பையை விட்டுவிட்டு
மற்றதை எடுத்துக்கொண்டார்கள்.

ராமநாதபுரம் தியேட்டரில் பதினாலு படி.
தூக்கி ஏறினேன்.
இடைவேளைக்குப் பிறகு திரையில் மழை.
எல்லாம் என்னாலதான்டா என்று
முழங்காலிட்டு அழுதான் நண்பன்.
முன்வரிசையில் யாரோ மூக்குறிஞ்சினார்கள்.

ஒன்பது வருஷம் முந்தி
பத்துப் பாகத்துக்குக் கீழே இவன் சங்கு பொறுக்க,
மேலே குழாய் பிடித்திருந்தவன் நான்.
டீசல் பார்க்க வேண்டியவனும்.
கம்ப்ரசர் ரெண்டு தரம் இருமி நின்றது.
ஒரே எட்டில் மேலே வந்தவன்
வத்தையில் ஏறி, சிரித்து, பீடி கேட்டான்.
பீடி முடிந்த பிறகுதான்
காலைக் காணோம்டா இன்னாசி என்றான்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

இருட்டில் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:
"இப்படி ஏதாச்சும் நீ ஆரம்பிச்சே,
மூஞ்சில துப்பிருவேன்."
சரி என்றேன்.
முறுக்குப் பாக்கெட்டை நீட்டினான்.
ரெண்டே ரெண்டு மிச்சம்.

படம் விட்டு
பதினாலு படி இறங்கி
கீழக்கரை ரோட்டில் ஆட்டோ பிடித்து
அவனை ஏற்றி, நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டி
நான் உட்கார்ந்ததும்
டிரைவரின் தோளைத் தட்டிக் கேட்டான்:
"அண்ணே, டீசல் இருக்கா?
இவனை நம்பிக் கிளம்பிராதீங்க."

டிரைவர் சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று
திருப்புல்லாணி தாண்டும்வரை
தெரியவில்லை.