பதினோராம் எண் டிராம்

என் கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்து
தற்காலிகமாக எதையோ அடைத்து
அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றாள்
டாக்டர் டுப்ராவ்கா.
அந்தச் செவ்வாயன்று கதவில் ஒரு காகிதம்:
மூடப்பட்டது. மன்னிக்கவும்.

வேறு டாக்டரிடம் போயிருக்கலாம்.
போகவில்லை.
சோம்பலுக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு
ஸாக்ரெப் முழுக்க அந்தப் பல்லோடு நடந்தேன்.

ஊருக்குக் காரணம் தெரிந்திருந்தது.
ஒன்றல்ல, ஒரு டஜன்.
கடன், வழக்கு, கை நடுக்கம்.
ரொட்டிக்கடை வரிசையில்
அவள் நாத்தனார் ஸ்லாவிட்சா குரலைத் தாழ்த்த,
வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது என்று
யாரோ சிரித்தார்கள்.

தண்டவாளம் ஏறியது அவள் மட்டும்தான்.

நவம்பர். காலை ஐந்து மணி இருட்டு.
சாவா ஆற்றின் மூடுபனியைத் தள்ளிக்கொண்டு
வந்து நின்றது பதினொன்று.
கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டை, முகமூடி இல்லாத முகம்.
பதினான்கு வருடம் ரப்பர் உறைக்குள் இருந்த விரல்களை
அன்றுதான் பார்த்தேன்.
ஒன்றில் மையின் கறை.

கடைசி நிறுத்தத்தில் அவளுக்கு எட்டு நிமிட ஓய்வு.
நின்றபடி பாலாடைக்கட்டி ரொட்டி தின்றுகொண்டே சொன்னாள்:
பல்லைக் கடித்துக்கொண்டு
மற்றவர் பல்லைப் பிடுங்கினேன்.
க்ளினிக் ஜன்னலுக்குக் கீழே டிராம் திரும்பும்.
அந்தக் கிறீச்சொலி வந்தால் ட்ரில்லை நிறுத்திவிடுவேன்.
வலிக்குமே என்று இரக்கப்பட்டு நிறுத்துகிறேன் என
நினைத்தவர்கள் உண்டு.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
புத்தாண்டுக்கு அதற்காகவே
ஒரு பெட்டி சாக்லேட்கூடக் கொடுத்திருக்கிறேன்.

பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள்.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு. காரை விற்றாயிற்று.
இடுப்பு வலி.
சனி இரவுகளில் கால்பந்து ரசிகர்களின் வாந்தி.
மகள் டேனா பள்ளிப் படிவத்தில் இன்னும்
அம்மா: பல் மருத்துவர் என்றே எழுதுகிறாள்.
அதைச் சொல்லும்போது மட்டும்
ரொட்டியை மெல்வது நின்றது.

பிறகு கண்கள் விரிய,
இலிட்சா தெருவின் வளைவைப் பற்றிச் சொன்னாள்.
மழை நாளில் அங்கே சக்கரம் வழுக்கும்,
பிரேக்கை அழுத்தக் கூடாது, கெஞ்ச வேண்டும்.
நேற்று ஒரு கிழவர் மடியில் மூடியில்லாத சூப்புப் பாத்திரம்.
மருத்துவமனைக்கு, மனைவிக்கு.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை,
அவருக்கு அது தெரியவும் இல்லை,
தெரியாததுதான் நல்ல ஓட்டு என்றாள்.
கிளினிக்கில் மாட்டியிருந்த
எந்தச் சான்றிதழைப் பற்றியும்
அவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

வாயைத் திறங்கள், என்றாள் திடீரென்று.
கைபேசி வெளிச்சத்தில்,
டிராம் படியில் நின்று,
வாய் பிளந்தேன்.
பார்த்துவிட்டுச் சொன்னாள், சற்று வருத்தமாகவே:
நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன்.
இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

அதுதான் எனக்குப் புரியாதது.
அவளுக்கு அது வராத வேலை இல்லை.
நன்றாக வந்த வேலை.
நன்றாக வருவதை விட்டுவிட்டுப் போவதற்கு
யாரிடம் என்ன சாக்குச் சொல்ல முடியும்?

மணி அடித்தாள்.
கதவு மூடியது.
திரும்பும் வழியில்
நிலப்பதிவு அலுவலக நிறுத்தத்தில் நான் இறங்கினேன்,
இருபத்திரண்டு வருடமாக இறங்குவதுபோல.
மேசையில் கோப்புகள். எனக்கும் நன்றாகவே வரும் வேலை.
பத்து மணி வாக்கில் கவனித்தேன்:
நாக்கு போய்ப் போய்
எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது.
அவள் அடைத்த பல்லை அல்ல.