கண்டுமுதல்

சாமந்திப்பூவோடு வந்தவர்கள்
கல்லறை நிறுத்தத்தில் இறங்கிவிட
லிம் சூ காங் போகும் 975இல்
மிச்சம் ஓட்டுநரும் நானும்
பைக்குள் துண்டில் சுற்றிய
ரொட்டி வெட்டும் கத்தியும்.

இந்த ஊரில் அரிவாளுக்கு எங்கே போவது?
பல் வைத்த கத்தி போதும் என்று
குரல்பதிவு அனுப்பியிருந்தான் இளஞ்சேரன்.
பின்னணியில் ஒரு சேவல்
அதை ஆமோதித்தது.

இரண்டு பூப்பந்துத் திடல் அளவு நெல்.
அதற்கு ஐந்து பேர், ஒரு செவ்வாய்க்கிழமை.
எனக்கு முந்தின இரவு வேலை வேறு;
எக்ஸ்ரே அறையின் குளிர் இன்னும் முட்டியில்.

குனிந்திருந்த தொப்பிகளில் ஒன்றை
எனக்கு அடையாளம் தெரிந்தது.
தமயந்தி.
அவள் வருவாள் என்று யாரும் சொல்லவில்லை.
நான் வருவதை அவளிடமும்
சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறுப்பது எளிது,
யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.
ஒரு பிடி தாள், ஓர் இழுப்பு, பக்கத்தில் போடு.
வலையின் கிழிசல் வழியாக
சில்லைகள் முன்பே வந்து போயிருந்தன.
ஓரத்துக் கதிரெல்லாம் வெறும் உமி.
செவ்வெறும்பு கடித்ததும் சூ யென்
ஹொக்கியனில் திட்டியது
எறும்புக்கே புரிந்திருக்கும்.

நீல டிரம்மின் விளிம்பில் அடித்தோம்.
மேசை விசிறியை மூன்றில் வைத்துத் தூற்றினோம்.
பதரில் பாதி இளஞ்சேரன் வாய்க்குள் போனது,
அவன் பேச்சை நிறுத்தாததால்.

போன வாரம் அறுத்ததன் வைக்கோல்
தகரக் கூரையடியில் காய்ந்து கிடந்தது,
ஹிடாயாவின் காளான் கொட்டகைக்கு.
கட்டும் இயந்திரம் என்று அவன் காட்டியது
ஒட்டுப்பலகைப் பெட்டி, ஒரு மூடி,
இரண்டு சணல் கயிறு.
மூடிமேல் ஏறி மிதிக்க
ஓர் ஆள் எடை போதாது.
இளஞ்சேரனுக்கு இடுப்பு.
ஹிடாயாவுக்கு ஆறாம் மாதம்.
சூ யென் நாற்பத்திரண்டு கிலோ.

ஏறினோம்.
பிடித்துக்கொள்ளப் பெட்டியில் ஒன்றுமில்லை.
அவள் முழங்கையை நான் பிடித்தேன்,
என் சட்டையின் தோளை அவள்.
"ஒண்ணு, ரெண்டு" என்றாள்.
பதினான்கு மாதத்தில்
அவள் என்னிடம் பேசியது அதுதான்.
குதித்தோம். வைக்கோல் ஒரு சாண் இறங்கியது.

ஆறு கட்டுக்கும் எண்கள் மட்டுமே பேசினோம்.

ஏழாவதைக் கட்ட மண்டியிட்டபோது
கயிறு குறுக்கிடும் இடத்தை
விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.
பெட்டியோடு வீட்டைவிட்டு இறங்கிய இரவில்
மின்தூக்கி வாசலில் நின்று
பதினொரு முறை அழைத்தாள்.
காலையில் நான் அனுப்பிய பதில்,
தூங்கிட்டேன்பா.

"அன்னிக்கு நான் தூங்கல,
ஃபோனையே பாத்துக்கிட்டிருந்தேன்"
என்று சொல்லி முடிப்பதற்குள்
தெங்காவிலிருந்து கிளம்பிய போர் விமானம்
தலைக்கு மேல் வானத்தைக் கிழித்துப் போனது.
சத்தம் அடங்கும்வரை
இருவரும் அண்ணாந்து பார்த்திருந்தோம்,
ஏதோ விமானம் பார்க்கவே வந்தவர்கள்போல.

மறுபடி சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அவளும் "என்ன?" என்று கேட்கவில்லை.
கயிற்றை இழுத்தாள், இன்னும் இழுத்தாள்,
முடிச்சுக்குள் என் விரலையும் வைத்து.

"விரலை எடு."
"வலிக்குது."
"எடுக்காட்டி வலிக்கத்தான் செய்யும்."

கண்டுமுதல் பத்தொன்பது கிலோ.
குத்தினால் பன்னிரண்டு தேறலாம்.
தேக்காவில் முப்பது வெள்ளிக்கு
மூட்டையாகவே கிடைக்கும் என்றாள் சூ யென்,
தன் பங்குப் பையை இரண்டு முடிச்சுப் போட்டபடி.

திரும்பும் பேருந்தில்
அவள் முன்னிருக்கை. நான் இரண்டு வரிசை பின்னால்.
கல்லறை தாண்டும்போது இருட்டியிருந்தது;
சன்னல் கண்ணாடியில் அவள் முகம்.
என்னைப் பார்த்து
தன் தலையை ஒருமுறை தட்டிக் காட்டினாள்.
தடவினேன். கையோடு வந்தது
ஒரு வைக்கோல்.

இன்னும் இருக்கிறது என்று
மறுபடி தட்டிக் காட்டினாள்.