பதினொன்று இருபத்தேழு

பதினோராம் நிமிடம், இருபத்தேழாம் நொடி.
மாமி குடத்தைச் சரிக்கிறாள்.
தண்ணீர் விழ முதல்
புரோகிராம் விழுகிறது.

ஒரு எச்சரிக்கையும் இல்லை.
வீடியோ இருந்த இடத்தில் என் பின்திரைப் படம்:
வவுனிக்குளத்து அணைக்கட்டு,
அதில் யாரோ கட்டாமல் விட்ட மாடு.
ஏழாவது தரம் என்று
சுவரில் பென்சிலால் கோடு போட்டேன்.

மல்லாவியில் மாசி.
துணுக்காய் வீதியால் வெட்டு மெசின்கள்
லைற் போட்டபடி போகின்றன.
முன்னால் நெல் ஆலை இழுக்கத் தொடங்கினால்
ஸ்ரூடியோவின் ரியூப்லைற் இருமும்.
கரண்ட்தான் காரணம் என்றார் முதலாளி றெஜினோல்ட்.
அவருக்கு எல்லாமே கரண்ட்தான்,
அவருடைய கொலஸ்ரரோல் உட்பட.
ஆலை நின்ற பிறகும் ஓடவிட்டுப் பார்த்தேன்.
பதினொன்று இருபத்தேழு.

"உந்தப் பென்குயின் எங்கட வெயிலுக்குச் சரிவராது,
களவு விண்டோஸ் ஒன்றைப் போடு பிள்ளை."
மெசினுக்கு வயது பத்து.
லினக்ஸைத் தவிர வேறொன்றும்
இதில் எழும்பி நிற்காது.

ரேர்மினலில் இருந்து திறந்தேன்,
சாகும்போதாவது ஏதும் சொல்லட்டும் என்று.
சொன்னது: செக்மென்ரேஷன் ஃபோல்ற்.
கூடவே, கோர் கொட்டுண்டதாம்.
மேசையைத் துடைத்துப் பார்த்தேன்.
தேத்தண்ணிக் கோப்பையின் வளையம் மட்டும்தான்.

கஷ் ஃபோல்டரை எறிந்தேன்.
செற்றிங்ஸ் கோப்பின் பெயரை மாற்றி
அது தன்னையே மறக்கச் செய்தேன்.
கிராபிக்ஸ் காட்டை ஓய்வெடுக்கச் சொன்னேன்.
பழைய பதிப்பை இறக்கினேன், என் டேட்டா, என் காசு.
இரவு முழுக்க மெமரியைச் சோதிக்க விட்டு
விடிய வந்து பார்த்தால்
பிழை: பூச்சியம்.
இவ்வளவு சுகதேகியாய் ஒருவர் விழுந்து
நான் கண்டதில்லை.

தவயோகம் அண்ணை போன் எடுத்தார்.
"தங்கச்சி, சுவிஸில இருந்து கேக்கினம்,
ஒரு பிள்ளையைத் தோய வார்க்க
இவ்வளவு நாளோ எண்டு."

அதற்குப் பிறகுதான் அவசரத்தை விட்டேன்.

முகமாலையில் இரண்டு வருசம்
கண்ணிவெடி எடுத்தவள் நான்.
ஊகிக்கிறவளை அங்கே வைத்திருக்கமாட்டார்கள்.
ஒரு மீற்றர் அகலம். முழங்கால்.
முடிந்த இடத்தில் வெள்ளைத்தடி,
முடியாத இடத்தில் சிவப்பு.
"இதில இருக்காது" என்று ஒரு சாண் தாண்டினால்
சாந்தசீலன் விசில் அடிப்பான்.
அன்றைய வேலை அதோடு சரி.

அந்த நொடியில் மட்டும் ஒன்பது தடங்கள்,
ஒன்றின் மேல் ஒன்று:
தண்ணீருக்கு மினுக்கம், மினுக்கத்துக்கு இதயங்கள்,
மூலையில் சுழலும் தாமரை, நாதஸ்வரம்,
எல்லாம் அண்ணை கேட்டவை.
பாதியை மூடினேன். விழுந்தது.
மூடினதில் இல்லை. அங்கே வெள்ளைத்தடி.
மிச்சத்தில் பாதி. விழவில்லை.
அப்படியென்றால் மூடினதில்தான் இருக்கிறது.
அதை இரண்டாக்கினேன்.
கடைசியில் சிவப்புத் தடிகளுக்கு நடுவில்
ஒரு பெயர் கிடந்தது.

தர்மிகா.
பொன் நிறம், நிழல் போட்டு, பாமினியில்.
எழுத்துருக் கோப்பைத் தட்டிப் பார்த்தேன்:
இருக்கவேண்டியதில் பாதி அளவு.
போன வருசம் பழைய மெசினில் இருந்து
பென்டிரைவால் ஏற்றிக்கொண்டிருக்க
ஆலை இழுத்துக் கரண்ட் போன நாள்
நினைவு வந்தது.
றெஜினோல்டுக்கு இதைச் சொல்லப்போவதில்லை.

பாமினியைக் கழற்ற
பிள்ளையின் பெயர் ஆங்கில எழுத்துகளாய்,
புள்ளி நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு அரைப்புள்ளியோடு முழித்தது.
யூனிகோடில் திருப்பி அடித்தேன். த. ர.
ரகரத்தின் தலையில் புள்ளி ஏறிக் குந்தியது.
மி. கா.

பிளே.
பதினொன்று இருபத்தைந்து.
இருபத்தாறு.
நாற்காலியில்தான் இருந்தேன்,
முழங்கால் இரண்டும் நொந்தன.

தண்ணீர் விழுந்தது.
தர்மிகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
ஒருவருக்கும் தெரியாமல் சிரிக்கிறாள்.
வெட்டி ஒட்டும்போது
நான் இதைக் கவனிக்கவே இல்லை.

நாற்பத்திமூன்றாம் நிமிடம், கேக் வெட்டுமிடத்தில்
மறுபடி விழுந்தது.
அது வேறு பிழை.
சுவரில் புது வரிசை தொடங்கினேன்.