நான்காம் அறையின் தரை

லியெபாயாவில் டிசம்பர் என்றால்
மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும்.
துறைமுகக் காற்று ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருக்க
நான் மருத்துவமனைத் திரைக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தேன்.
இரவுச் செவிலியர்கள் பார்க்கும் திரை.
அறைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் கட்டில்கள்,
கட்டிலுக்கொரு பெயர், நாடித்துடிப்பு,
சொட்டுமருந்து தீரும் நேரம்.

பெட்டி என்று சொன்னேனே தவிர
அதை யாரும் கண்டதில்லை.
நீ இங்கே, நீ அவளுக்குக் கீழே,
நடுவில் எட்டுப் புள்ளி இடைவெளி என்று
எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு
தான் நிற்கும் இடம் தெரியாமல் நிற்கும்.
கல்யாணப் படத்தில்
நாற்காலி அடுக்கியவர் எங்கே இருக்கிறார்?

விஸ்வால்டிஸ் கேட்டது சின்ன விஷயம்.
"விடிகாலை நாலு மணிக்கு
ஓர் அறை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது,
கண்ணுக்குப் பிடிபடுவதில்லை."

வரைந்தேன். முனை மழுங்கிய செவ்வகம்,
ஈரச் சாம்பலில் ஒரு துளி நீலம்.
ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
சிவப்பாக்கினேன், தீயணைப்பு வண்டிச் சிவப்பு.
ஒன்றுமில்லை.
சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
சுவரும் இருந்தது, சித்திரமும் இருந்தது,
சுவரைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கண்டேன்:
பிறக்கும்போதே அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது,
'இது வரையாது' என்று.
அடுக்குவதோடு சரி, காட்டுவதற்கு இதனிடம் என்ன இருக்கப்போகிறது என்று
யாரோ எப்போதோ முடிவுகட்டி
வரையும் முறை வரும்போது தாண்டிப் போய்விடுகிறார்கள்.
ஆம் என்றிருந்ததை இல்லை என்று மாற்றினேன்.
ஒரே வரி.

சிவப்பு வந்தது. வந்து
அத்தனை பெயர்களையும் விழுங்கிவிட்டது.
கட்டில் போட்ட பிறகு தரை பரப்பினால் வேறென்ன ஆகும்?
தரை முதலில்.
பிறகுதான் ஆட்கள்.

ஒரு வாரம் கழித்து விஸ்வால்டிஸைக் கேட்டேன்.
"நிறமா? எந்த நிறம்?" என்றான்,
காப்பியில் கம்பு ரொட்டியை நனைத்தபடி.
"ஏழாம் அறை மட்டும் இப்போது சட்டென்று கிடைக்கிறது."
கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு அவனே கேட்டான்,
"நாலாம் அறை ஏன் காணாமல் போகிறது?"

பார்த்தேன். செவ்வாய் இரவு அங்கிருந்த இருவரில்
ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தார்.
திருமதி ஔஸ்மா, வீட்டுக்கு அல்ல.
உள்ளே யாருமில்லாத பெட்டியின் உயரம் பூஜ்யம்.
பூஜ்யத்தின் மேல் எந்த நிறமும் நிற்காது.
கணக்கில் பிழையே இல்லை.
ஐந்தாம் அறை நகர்ந்து வந்து
மூன்றாம் அறையை ஒட்டிக்கொண்டிருந்தது.

குறைந்தபட்ச உயரம்: தொண்ணூற்றாறு.

இப்போது அங்கே சாம்பலில் ஒரு துளி நீலம்,
மழுங்கிய முனைகள், உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.
நாலு மணிக்கு விஸ்வால்டிஸ் அதைக் கடந்து ஐந்துக்குப் போவான்,
விரிப்பு மாற்றியாகிவிட்டதா என்று
ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.