ஊசித்துளை

தங்கசாலைத் தெரு, மாடிப்படிக்குக் கீழே
மூன்றடிக் கடை. சதக்கத்துல்லா பாய்
பாலிதீன் உறையிலிருந்து இடுக்கியால் எடுத்தார்:
ஆயிரம் ரூபாய்.
எழுபத்தெட்டு ஜனவரியில் செத்தது.
பின்பக்கம் தஞ்சாவூர்க் கோயில்.

“ஒரே மடிப்புதான் சார். ராயபுரத்துல
வூடு இடிக்கசொல்ல
பீரோ முதுகுல சொருகியிருந்துச்சு.”

டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கோபுரத்தை ஒட்டி இரண்டு ஊசித்துளை,
வெளிச்சம் கசிந்தது.
அதைக் காட்டி ஐந்நூறு குறைத்தேன்.

துறைமுக ஓவர்டைம், முப்பத்தேழு தாள்.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
ஒன்றைத் திருப்பித் தந்தார்,
ஓரம் கிழிசலாம்.

கல்மண்டபம் வரும்வரை பஸ்ஸில்
சட்டைப்பையை அழுத்தியபடியே வந்தேன்.
ஊசி குத்திய கட்டென்றால்
நூறு இருந்திருக்கும்.
மாற்றப் போகப் பயந்து
எந்த ராத்திரி, எந்த அடுப்பில்
மற்ற தொண்ணூற்றொன்பதும்?