ஒரு பட்டன் குறைகிறது

கப்பலூரில் எனக்கு கார்பைடு வேலை என்றால்
"மாங்காய் பழுக்க வைக்கிற கல்லா?" என்கிறார்கள்.
மாட்டுத்தாவணியில் அதிகாரிகள் வந்து
கூடையோடு அள்ளிப்போகிற கல்.
இல்லை, அது வேறு.
அது தண்ணீர் பட்டால் சீறும், வாயுவாகிவிடும்.
இது எதற்கும் சீறாது.

சாம்பல் நிறம். சுண்டுவிரல் நுனியளவு.
இவ்வளவுதானே என்று நீட்டிய கை
ஒரு நொடி தாழ்ந்து மீளும்.
இரும்பைவிட ஏறக்குறைய இரட்டிப்புக் கனம்.

டங்ஸ்டன் கார்பைடுப் பொடியில்
கோபால்ட் கொஞ்சம் பசைக்குப் போட்டு
அச்சில் அமுக்கி எடுக்கும்போது
நகம் கீறினாலே உதிருமாம், பலப்பம்போல.
பிறகு ஆயிரத்து நானூறு டிகிரி.
உலையைவிட்டு வருகையில்
நீளத்தில் அஞ்சிலொரு பங்கு காணாமல் போயிருக்கும்.
அப்புறம் வைரம் வந்தால்தான் பேச்சு.

அந்த உலையை நான் பார்த்ததில்லை.
முதலாளி நாகூர்கனி சொன்னது.
என்னிடம் வருவதெல்லாம் உழைத்து ஓய்ந்தவை:
முனை மழுங்கியவை, பாதி உடைந்தவை,
அமுக்கினால் மலையைத் தாங்கி
கோணலாய் ஒரு தட்டில் தெறித்தவை.
காந்தத்தை லேசாகத்தான் பிடிக்கும்.
சக்கரத்தில் வைத்தால் குட்டையாய், மங்கலாய்ச் சிவப்புப் பொறி.
மத்தாப்பு விட்டால் அது வெறும் இரும்பு,
எடை போடமாட்டேன்.

காசிமாயன் எழுமலையிலிருந்து வந்தார்.
டிவிஎஸ் வண்டியில், சாக்கில், பதினெட்டுக் கிலோ.
ஆழ்துளை போடுகிற பிட்.
எண்ணூற்று எழுபது அடி போனதாம்.
பணம் திருப்பிக் கேட்டதற்கு
வண்டிக்காரன் இதைக் கொடுத்திருக்கிறான்.
தண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை.
காற்றுத் துளைகளில் வெள்ளை மாவு
காய்ந்தே இருந்தது.

கேஸ் பற்றவைத்தேன்.
அந்த மாங்காய்க் கல்லின் வாயுதான், வேறெது.
சூட்டில் இரும்பு விரியும்,
இது அதில் பாதிதான் விரியும்.
பிடி தளரும். தட்டத் தட்ட
ஒவ்வொன்றாய்ச் சுண்ணாம்புத் தட்டில் விழும்.
"தண்ணியில போடுங்கம்மா, வெரசா ஆறும்."
"சூட்டுல தண்ணி பட்டா விரிசல் விட்டுரும்ணே."
"இதுக்குமா ஆகாது?" என்றார்.
அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணினோம்.
குழி பதினாலு. பட்டன் பதிமூணு.

"ஒண்ண எங்க?"
"இவ்வளவுதான் விழுந்துச்சு."
"நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்,
கண்ணுல மண்ணத் தூவுறீயளா?"
சுண்ணாம்பைக் கொட்டிக் காட்டினேன்.
மேஜையை நகர்த்தினேன்.
சேலை மடிப்பை உதறிக் காட்டினேன், வெட்கமில்லாமல்.
நாகூர்கனி டார்ச்சோடு வந்து
வெறுங்குழிக்குள் அடித்துப் பார்த்தார்.
உள்ளே கல்மாவு இறுகி ஒட்டியிருந்தது.
"இது இன்னைக்கு விழுந்ததில்ல, பெரியவரே.
கீழயே கழண்டிருச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரெஸர் நின்று
மறுபடி ஓடியது.

"அங்ஙனயேவா கெடக்கு?"
"ஆமாண்ணே."
"உக்கிப் போகுமா?"
"நம்ம காலத்துல போகாது."

அறுநூற்று நாற்பது கிராம்.
கிலோ இரண்டாயிரத்து எண்ணூறு வீதம்
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
இரும்புக்குத் தனியாக ஐந்நூற்றுச் சொச்சம்.
எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்.
வண்டியில் ஏறி, காலை ஊன்றிக்கொண்டு,
"உள்ள கெடக்குதே, அது என்ன வெல பெறும்?"
கணக்குப் போட்டேன்.
"நூத்தி முப்பத்தேழு ரூவா."
"அப்ப வெறும் நெலமுன்னு
எவனும் சொல்ல முடியாது" என்று சிரித்தார்.
வண்டி மூணாவது உதைக்குத்தான் கிளம்பியது.

சாயங்காலம் கூட்டும்போது
மேஜைக் காலடியில்
விளக்குமாற்றை இன்னொரு தரம் விட்டுப் பார்த்தேன்.