ஒரு சாண்

பொபினியில் எங்கள் கட்டடத்துக்குப் பத்து மாடி.
லிஃப்ட் ஜூனிலிருந்து வேலை செய்யவில்லை.
"பழுது" என்று ஒட்டிய தாளும்
வெக்கையில் சுருண்டு உதிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் நாற்பது பாகையைத் தாண்டியபோது
யாரோ ஒரு பட்டியல் போட்டார்கள்:
எழுபது கடந்தவர்கள், தனியாக இருப்பவர்கள்.
காலையும் மாலையும் மணி அடித்து
உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க.

ஒன்பதாம் மாடி ஆர்லெத் கியோ
தாளை வாங்கிப் படித்துவிட்டுத்
தன் பெயரைத் தானே வெட்டினார்.
முப்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில்
நூறு பேருக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுத்தவர்.
"ஏழு மணிக்கு என் வாசலில் வந்து நின்று
செத்தேனா என்று விசாரிக்க வேண்டாம்.
ஷட்டரை இவ்வளவு உயர்த்தி வைப்பேன்.
எண்ணத் தெரிந்த ஒருவரைக் கீழே நிறுத்துங்கள்."

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும்
விரித்துக் காட்டினார்.
எனக்கு அது சாண்.
ஒரு சாண் வயிற்றுக்காக
உணவகக் குசினியில் இரவெல்லாம் தட்டுக் கழுவி
விடியும்போது வீடு திரும்புகிறவன் நான்.

எண்ணுவது இத்ரிசா. வயது ஒன்பது.
சைக்கிள் கம்பியில் ஏறி நின்று, அண்ணாந்து,
பாதி பிரெஞ்சிலும் பாதி தாயின் மொழியிலுமாகப்
பதினொன்று வரை போவான்.
பிறகுதான் அவனுக்குக் காலைச் சாப்பாடு.

படிகளின் ஒவ்வொரு திருப்பத்திலும்
ஒரு கதிரை முளைத்தது.
ஒன்று என்னுடையது.
நிரோசினியும் கூடப் படிக்கிற பெடியன்களும்
தண்ணீர்ப் போத்தல்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள்.
நான் முதலாளியிடம் கேட்டு ஐஸ் கொண்டுவருவேன்.
பொபினி வருவதற்குள் அரைவாசி
என் காற்சட்டையில் வழிந்திருக்கும்.

ஆறாம் நாள்
இத்ரிசா "பத்து" என்றான்.
மறுபடி எண்ணச் சொன்னோம்.
பத்து.
நான்காம் மாடி, இடமிருந்து மூன்றாவது.
தச்சர் ஸொரான்.

தட்டினோம். கதவில் காது வைத்தோம்.
திறப்பு ஆர்லெத்திடம் இருந்தது.
நிரோசினி மேலே ஓடினாள்.
ஏழாம் மாடிக் கதிரையில், மூச்சு வாங்க,
கையில் திறப்போடு எதிர்ப்பட்டார் ஆர்லெத்.
யன்னல் வழியாக அவருக்கும் கேட்டிருக்கிறது
அந்தப் பத்து.

ஸொரான் தரையில்,
திறந்த குளிர்பெட்டியோடு சாய்ந்து கிடந்தார்.
கையில் அறுந்துபோன ஷட்டர் நாடா.
எண்சாண் உடம்பும் தணலாய்க் கொதித்தது.
"நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் யன்னல் பொருத்தினேன்,
என்னுடையதை மாற்றவில்லை."
வாய் குழறியது.
இருந்தும் அந்த வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தார்.

நிரோசினி போனில் முகவரியை இரண்டு தரம் சொன்னாள்.
விரிப்பை நனைத்துப் போர்த்தினோம்.
அவருடைய கக்கத்தில் என் ஐஸ்.
தீயணைப்புப் படையினர் மூச்சிரைக்க ஏறிவந்து
படியிலிருந்த கதிரையில் இருத்தி
அவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.
அது என் கதிரை.
இன்னும் திரும்பி வரவில்லை.

எட்டாம் நாள் மழை,
பெய்தேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும் பெய்தது.
ஸொரான் வெள்ளிக்கிழமை வரலாம் என்கிறார்கள்.
புது நாடா வாங்கியாயிற்று.
அதைப் பொருத்துவது எப்படி என்று
ஆஸ்பத்திரியிலிருந்து போனில் திட்டுகிறார்.

இன்று காலை
படியேறப் போன என்னை இத்ரிசா மறித்தான்.
"பதினொன்று வேண்டும்."
ஸொரான் இல்லையே, பத்துத்தானே என்றேன்.
"நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்?"
எனக்கு நாற்பத்தாறு வயது என்றேன்.
"தனியாகத்தானே?"

பகலில் உறங்குகிறவன்,
ஒரு துளி வெளிச்சம் நுழையாமல்
யன்னலை அடைத்தே வைத்திருப்பேன்.
நாடாவைப் பிடித்து இழுத்தேன்.
கீழே அவன் விரல் நீட்டி எண்ணிவிட்டுச்
சாப்பிட ஓடினான்.

ஒரு சாண் வெயில்
கட்டிலில் ஏறி என் காலடியில் கிடந்தது.
நித்திரை வரவில்லை.
இறக்கவும் இல்லை.